வீட்டுக்கு ஒரு கை

ஏப்ரல் 11, வெள்ளி

மூன்று குடும்பங்கள் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வருவதாக இருந்தன. இன்று இரண்டு கழன்றுகொண்டன. ஒருவருக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இன்னொருவருக்கு இங்கே ஏசி இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டதாம். தென்னந்தோப்பு நடுவில் ஓட்டு வீட்டில் தங்க வருகிறவருக்கு ஏசி எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. 'பரவாயில்லைங்க, அடுத்த தடவை வாங்க' என்று போட்டுச் சிரித்த முகப் படம் ஒன்றையும் சேர்த்தேன். இரண்டு வருடத்தில் இந்தத் தொழிலில் நான் கற்றது அந்தச் சிரித்த முகம்தான்.

தோப்புக்குள் இருக்கும் வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். மாமனார் காலத்துச் சாளையைச் சுத்தம் செய்து, இரண்டு அறையில் கட்டில் போட்டு, பட்டணத்துக்காரர்களை வரவழைக்கிறேன். பால் கறக்கத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சாணி அள்ளக் கையுறை கேட்டவர்கள் உண்டு. சேவலை ஏழு மணிக்கு மேல் கூவ வைக்க முடியுமா என்று ஒரு அம்மா கேட்டார். எல்லாருக்கும் அரிசிம்பருப்புச் சோறு பிடித்திருந்தது, அதுவரை மகிழ்ச்சி.

விருந்தினர் வரும் நாட்களில் தினமும் எழுதுங்கள், உங்கள் குறை உங்களுக்கே தெரியும் என்று பயிற்சி முகாமில் சொன்னார்கள். அதற்குத்தான் இந்த நோட்டு.

இந்த நோம்பி நல்லபடியாக முடிய வேண்டும். ரோட்டிலிருந்து சாளைக்கு வரும் இட்டேரி, இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டிப்பாதை, முந்நூறு தப்படி தூரம் மாரியம்மன் கோயில் நிலத்துக்குள் போகிறது. போன மாதம் ஒரு விருந்தாளி அந்த வழியில் பீர் பாட்டிலை வீசிவிட்டுப் போனான். ஊரே கொதித்தது. என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரியின் அண்ணன், என் மச்சாண்டார் நாச்சிமுத்துதான் ஊருக்குத் தலைவர். அவர் சொல்லிவிட்டார்: "இந்த நோம்பியப் பாத்துட்டுச் சொல்றன் அம்மணி. நல்லபடியா நடந்துச்சுன்னா இட்டேரிய எழுதியே குடுத்தர்றோம். சிக்கல் வந்துச்சு, வழியில முள்ளு வெட்டிப் போட்டுருவன். தம்பி பொண்டாட்டின்னெல்லாம் பாக்க மாட்டன்."

இட்டேரி இல்லையென்றால் கார் வராது. கார் வராவிட்டால் ஆள் வராது. அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மிச்சமிருந்த ஒரே விருந்தாளி வந்துவிட்டார். பிரசன்னா, முப்பத்தாறு முப்பத்தேழு இருக்கும், சென்னை. கூட ஏழு வயது மகள் மிருதுளா. வாடகைக் கார் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. சொந்தக் கார் இல்லாத விருந்தாளி, இட்டேரிக்கு நல்லது.

மூன்று நாள் தங்குவதாகப் பேச்சு. ஆதார் நகல் கேட்டேன். "பெட்டிக்கு அடியில இருக்கு அக்கா, நாளைக்குக் கண்டிப்பா தர்றேன்" என்றார். யார் வந்தாலும் நகல் வாங்கி வையுங்கள் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல மனிதர். நான் வைத்த ஒப்பிட்டுப் போளியில் நான்கு சாப்பிட்டார். என் வீட்டுக்காரரின் முழங்கால் வீக்கத்தைப் பார்த்து எந்தத் தைலம் தேய்க்கலாம் என்று கேட்காமலே சொன்னார். பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு வந்திருக்கிறது. உள்ளே துணி இரண்டு செட்டுதான், மற்றது புத்தகம். லீவிலும் புத்தகத்தை விடாத பிள்ளை.

தேங்காய்ச் சட்னியில் உப்புக் கொஞ்சம் தூக்கல். கவனிக்க வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று சாயங்காலம் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, அம்மனுக்கு முன்னால் குழியில் நிறுத்தி, பறை முழங்க ஊரே சுற்றி வந்தது. பிரசன்னா செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஆட்டத்தில் இறங்கிவிட்டார். இரண்டே சுற்றில் அடவு பிடித்துக்கொண்டார். மச்சாண்டாரே கைதட்டினார்.

அடுத்தது காப்பு. இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கைக்குத்தான் காப்பு. ஊர்க்காரர், இல்லையென்றால் ரத்த உறவு, வேறு யாருக்கும் பூசாரி கட்டமாட்டார். கட்டிய கை அடுத்த புதன்கிழமை கம்பம் பிடுங்கும்வரை ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆகாது.

எங்கள் வீட்டில் வழக்கமாக என் வீட்டுக்காரர்தான் கட்டுவார். இந்த முறை முழங்கால் முடியாது, என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். எட்டு நாள் செருப்பில்லாமல், எல்லை தாண்டாமல் நான் இருந்தால் உடுமலைச் சந்தைக்கு யார் போவது? அந்த நேரம் பார்த்து மிருதுளா என் முன்னால் நின்றது. பட்டுப்பாவாடை நான்தான் கட்டிவிட்டிருந்தேன். சின்னக் கை, மஞ்சள் கயிறு, வேப்பிலை. படம் எடுத்து நெட்டில் சாளையின் பக்கத்தில் போட்டால் நூறு பேர் நின்று பார்ப்பார்கள் என்று தோன்றியது.

"யாருங் அம்மணி இது?" என்றார் பூசாரி.

"எங்க பெரியப்பா ஊட்டு அண்ணன் பேத்திங்க, மெட்ராசு. எங்க வீட்டுக் கைக்கு இவளுக்கே கட்டிருங்க."

பக்கத்தில் நின்ற மச்சாண்டார் தலையாட்டினார். கட்டிவிட்டார்.

படம் எடுக்கப் போனபோது பிரசன்னா குறுக்கே வந்தார். "முகம் வேண்டாம் அக்கா. குழந்தைங்க முகத்தை நெட்ல போடறது எனக்குப் பிடிக்காது." இந்தக் காலத்தில் இப்படி ஒரு அப்பா. கையை மட்டும் எடுத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அவர்கள் தங்குவது மூன்று நாள்.

ஏப்ரல் 16, புதன்

மூன்று தடவை காபி கொண்டுபோய் மூன்று தடவையும் சொல்லாமல் திரும்பினேன். கடைசியில் கிணற்று மேட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன். தம்பி, என் தப்புத்தான், காப்பு கட்டிய பிள்ளை அடுத்த புதன்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது, பூசாரியிடம் உறவு என்று வேறு சொல்லிவிட்டேன் என்று.

கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். "எட்டு நாளா? ரொம்ப நல்லது அக்கா. எனக்கும் இப்ப ஊருக்குப் போய் ஆகவேண்டியது ஒண்ணுமில்ல."

ஒரு விருந்தாளி இப்படிச் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் மச்சாண்டார் வந்தார். பிரசன்னா எழுந்து நின்று, "அத்தை, மாமாவுக்கு மோர் கொண்டு வாங்க" என்றார். ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அண்ணன் மகன் என்றால் நான் அத்தைதானே. கேட்காமலே பிடித்துக்கொண்டார். நல்ல சமயோசிதம்.

ஏப்ரல் 17, வியாழன்

பிள்ளை சாப்பிடவில்லை. வெயில்.

ஏப்ரல் 18, வெள்ளி

காப்புக் கை என்பதால் மிருதுளாதான் தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குடத்தைக் கொண்டுபோய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊர்ப் பெண்களுக்கு அதன்மேல் உயிர். எல்லைக் கல்லைக் காட்டி, இதைத் தாண்டினால் ஆத்தா கோவிச்சுக்குவா, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை போடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டது. விளையாட்டுக்குக்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

அடுப்படி வேலைக்கு வரும் மாராத்தாள் ஒன்று சொன்னாள். அவளுக்கு வாய் அதிகம்.

"ஏனுங் அம்மணி, தண்ணி ஊத்தயில அந்தப் புள்ள என்னமோ முணுமுணுக்குதுங்."

"சாமி கும்பிடும்."

"சாமியில்லீங். நம்பருங். பக்கத்துல நின்னு கேட்டனுங், பத்து எண்ணு வருது. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுது. போன் நம்பராட்டத் தெரியுதுங்."

பள்ளிக்கூடப் பாடமாக இருக்கும் என்றேன். பாத்திரம் இன்னும் எண்ணெய்ப் பிசுக்காகவே இருக்கிறது, அதைப் பார் என்றும் சொன்னேன்.

மத்தியானம் என் செல்போன் மேசையில் இருந்தது. மிருதுளா அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றது. "ஆன்ட்டி, ஒரே ஒரு கால்" என்றது. அதற்குள் பிரசன்னா வந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "கேம் பைத்தியம் அத்தை இது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா எங்கே என்று அவரிடம் கேட்டேன். சிங்கப்பூரில் ஆபீஸ் வேலையாக என்றார். பிள்ளையிடம் கேட்டேன். "தாம்பரத்துல" என்றது. பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரும் தாம்பரமும் ஒன்றுதான்.

ஆதார் நகல் இன்னும் வரவில்லை. நாளை கேட்க வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

காலையில் நானும் குடத்தோடு கம்பத்தடிக்குப் போனேன். பூ எடுத்துப்போகும் வேலை இருந்தது, அதற்காக.

பத்து எண்தான். ஒரே மூச்சில் சொல்கிறது, முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மறந்துவிடாமல் இருக்கச் சொல்கிற மாதிரி. நான்கு தடவை கேட்டேன், எனக்கே மனப்பாடமாகிவிட்டது. சந்தைக்குப் போகிற பஸ்ஸில் அதையே மனசு சொல்லிக்கொண்டு வந்தது. காய்கறிப் பெயரெல்லாம் மறந்து, முருங்கைக்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

மச்சாண்டார் இன்று தாமாகவே பேசினார். "உங்கண்ணன் பையன் தங்கமான பையன் அம்மணி. இப்புடி ஆளு வந்தா எத்தன பேரு வேணாலும் வரட்டும். கம்பம் புடுங்குன அன்னைக்கே இட்டேரிக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தர்றோம்."

இரண்டு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாளைக்கு வந்து ஜூன் மாதத்துக்குக் கேட்டிருந்த இரண்டு குடும்பங்களுக்கும் 'வாங்க' என்று பதில் போட்டேன். சிரித்த முகம் மூன்று.

ஏப்ரல் 20, ஞாயிறு. காலை

அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

"மிருது? மிருதும்மா?"

ஒரு பெண்ணின் குரல். கட் செய்தேன்.

திரும்ப அழைப்பு வந்தது. பதினொரு தடவை. செல்போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். மாராத்தாள் பார்த்தாள். பிறகு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு. மத்தியானம்

பிரசன்னாவை நேராகக் கேட்டுவிட்டேன். மாட்டுக் கொட்டகையில், வேறு யாரும் இல்லாதபோது.

முகம் வெளுத்தது. அப்படியே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி அனுராதாவோடு ஒத்துவரவில்லை, இரண்டு வருடமாகக் கேஸ், பிள்ளை அவளிடம், இவருக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டதாம். "நாலு மணி நேரம் அக்கா. அதுவும் ஒரு மால்ல வச்சு. என் பொண்ணை நான் மால்ல வச்சுப் பார்க்கணும்" என்று அழுதார். பொய் அழுகை இல்லை. எனக்கு அது தெரியும். அந்த அழுகையில் பாதிக்கு நானும் அழுதேன்.

"நோம்பி முடியட்டும் அக்கா. புதன்கிழமை காப்பு கழட்டினதும் நானே கொண்டுபோய் விட்டுடறேன். உங்க பேர் எங்கேயும் வராது."

புதன்கிழமை கம்பம் பிடுங்கி, கையெழுத்தும் ஆகிவிடும். அதன் பிறகு அவரே கொண்டுபோய் விட்டுவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை. மனசு லேசாயிற்று. மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு. சாயங்காலம்

என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து வந்தார். "நம்ம விருந்தாளித் தம்பி செவ்வாக்கிழமை வெடிகாலம் பாலக்காடு போறானாமா? ஜீப்புக்காரச் சின்ராசு சொன்னான். அத்தை வருத்தப்படுவாங்க, ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னானாம்."

செவ்வாய். புதன் இல்லை.

காப்பு கட்டிய கையோடு பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார். முதலில் எனக்கு வந்த கோபம் அதற்குத்தான், பிள்ளைக்காக இல்லை. இதை எழுதக் கூசுகிறது. என் வீட்டுக் கை, என் இட்டேரி, மச்சாண்டார் முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பிள்ளை கடைசியாகத்தான் வந்தது.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "அந்தம்மாளுக்கு எத்தன நாளா புள்ள எங்கீங்கிறதே தெரியாது?"

அரிசி டப்பாவிலிருந்து செல்போனை எடுத்தேன். அந்த நம்பருக்கு ஊர்ப் பெயரை மட்டும் அனுப்பினேன். சிரித்த முகம் போடவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்கு வெள்ளைக் கார் எல்லைக் கல் அருகே நின்றது. நோம்பி முடியும்வரை ஊருக்குள் வண்டி விடுவதில்லை. ஒரு பெண்ணும், அவள் அண்ணன் என்று பின்னால் தெரிந்தது, ஒரு ஆளும் இறங்கினார்கள். அந்தப் பெண் தலை வாரியிருக்கவில்லை. ஒரு காலில் செருப்பு வார் அறுந்து, இழுத்து இழுத்து நடந்தாள். கோயிலடியில் மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே மிருதுளா உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தது. கத்தவில்லை. ஓடிப்போய் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அனுராதா கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் அவசரப்படுத்தினான். "தூக்கு அனு, போயிடலாம். போலீஸ் நாளைக்குத்தான் வருவாங்களாம். நம்ம போயிடலாம்."

மூவரும் காரை நோக்கி நடந்தார்கள். கல் வந்ததும் பிள்ளை நின்றுவிட்டது. அம்மா கையைப் பிடித்து இழுக்கிறாள், பிள்ளை வரவில்லை. காப்பு கட்டிய கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தாண்டக் கூடாதும்மா. எல்லாருக்கும் அம்மை போட்டுடும்" என்று அழுதது. எட்டு அடியில் கார் கதவு திறந்து கிடக்கிறது. ஏழு நாள் அந்த நம்பரை மறக்காமல் வைத்திருந்த பிள்ளை, அம்மா வந்து நின்ற பிறகும் எங்கள் கல்லைத் தாண்டவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். மச்சாண்டார் வந்தார். பிரசன்னாவும் வந்தார், குளித்து, திருநீறு பூசி, பதறாமல்.

அனுராதா கோர்ட்டுக் காகிதத்தை நீட்டினாள். மச்சாண்டார் அதை வாங்கிப் பார்த்தார், இங்கிலீஷ். மடித்து அவளிடமே மரியாதையாகக் கொடுத்தார்.

"அம்மணி, புருசன் பொண்டாட்டிச் சண்ட எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங். புள்ளய நாங்க ஒண்ணும் புடிச்சு வெக்கல. காப்புக் கட்டுன கை. நாளானைக்குக் கம்பம் புடுங்குனதும் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் எங்க ஊட்ல தங்குங்க, எம்பட சம்சாரம் பாத்துக்குவா. புள்ள அத்த ஊட்லயே இருக்கட்டும்."

"எந்த அத்தை?" என்றாள் அவள். "அவளுக்கு அத்தையே கிடையாதுங்க."

"அனு, ஊர்ப் பெரியவங்க சொல்றாங்க. ரெண்டே நாள்" என்றார் பிரசன்னா. அவ்வளவு சாந்தமாக. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க அத்தை" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளதை எழுதிவிடுகிறேன். அந்த இடத்திலும் நான் ஒரு கணக்குப் போட்டேன். பிள்ளை என் வீட்டில்தானே இருக்கப் போகிறது, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும், ஜீப்புக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், புதன்கிழமை எல்லாம் முடிந்துவிடும், இட்டேரியும் இருக்கும், பிள்ளையும் இருக்கும் என்று. அழகான கணக்கு. ஏழு நாளாக இப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஒரு அழகான கணக்குப் போட்டு, அத்தனையையும் அந்தப் பிள்ளை தலையில் இறக்கி வைத்திருக்கிறேன்.

"மாமா," என்றேன் மச்சாண்டாரிடம், "இந்தப் புள்ள எங்கண்ணன் பேத்தி இல்லீங்க."

"என்ன சொல்றே?"

"இவுங்க ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க. வெளியூரு. காசு குடுத்துத் தங்க வந்தவங்க. சந்தைக்குப் போகோணும், போட்டோ எடுக்கோணும்னு பூசாரிகிட்டப் பொய் சொல்லிக் கட்டச் சொன்னனுங்க. ஆத்தா முன்னால சொன்ன பொய்யி. ஒறவில்லாத கைக்குக் கட்டுனது காப்பே இல்லீங்க, வெறுங் கயிறு. பாவம் எனக்கு. புள்ளய உட்டுருங்க."

மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்களும் உலக்கையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

மச்சாண்டாருக்குக் கோபம் வந்தால் கத்துவார். இப்போது கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்ப இந்த நோம்பிக்கு உங்க ஊட்டுக் கை?"

"இல்லீங்க மாமா. எங்க ஊட்டுக் கை இல்லாமத்தான் நடந்துட்டிருக்குது."

"ஏனுங் அக்கா, என்ன பேசறீங்க" என்று பிரசன்னா எங்கள் பேச்சிலேயே ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டார். பாய்ந்து பிள்ளையின் தோளைப் பிடித்தார். பிள்ளை வீறிட்டது. என் வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை, பிரசன்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் செய்யவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். "உடு தம்பி" என்றார். பிரசன்னா பிள்ளையைப் பார்த்தார். அது தன்னைப் பார்த்துத்தான் கத்துகிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டார்.

பூசாரி மச்சாண்டார் முகத்தைப் பார்த்தார். மச்சாண்டார் தலையை அசைத்தார். பூசாரி மண்டியிட்டு, "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா கண்ணு, நானே கழட்டறன்" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தார். நனைந்து நனைந்து இறுகிப்போயிருந்தது, நேரம் பிடித்தது. கழற்றிய பிறகும் பிள்ளை கல்லைப் பார்த்து நின்றது. மாராத்தாள்தான் போய் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லைத் தாண்டிக் காரில் உட்கார வைத்தாள்.

அனுராதா என் பக்கம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் நினைத்தேன். நினைத்ததை மறைக்க என்ன இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை காலைல கால் பண்ணினது நீங்கதானே?" என்றாள்.

"ஆமாங்க."

"ஏன் பேசல?"

அறுந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிரசன்னா நேற்றே போய்விட்டார். ஜீப்பில் இல்லை, நடந்து. பெட்டியை எடுக்கவில்லை. போலீஸ் காலையில் வந்து அதை வாங்கிக்கொண்டு, ஆதார் நகல் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

என் மாவிளக்குத் தட்டைக் கோயிலில் வாங்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். நான் போகவில்லை. பறைச் சத்தம் கேட்டது.

பொழுது சாய்வதற்கு முன் மச்சாண்டார் ஆட்களோடு வந்தார். வேலாமுள்ளை வெட்டி இட்டேரியின் வாயில் ஆள் உயரத்துக்குப் போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியிடம் மட்டும், "முழங்காலுக்கு ஆசுபத்திரி போடா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் திரும்பி வந்து, நாம் வரப்பு மேல் நடந்துகொள்ளலாம், மாடு போகிற வழிதானே என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருக்கும்.

மாராத்தாள் வரப்பு வழியாக வந்துவிட்டாள். சேலையெல்லாம் சேறு. எப்போதும்போலப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

ஜூன் மாதத்துக்கு ஒத்துக்கொண்ட இரண்டு குடும்பங்களுக்கும் வர வேண்டாம் என்று எழுதினேன். ஒருவர் காரணம் கேட்டார். வழி இல்லை என்றேன்.

நேற்றும் இன்றும் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "அவளுக்கும் தெரியாதுங்க. தெரிஞ்ச ஒடனே சொல்லிட்டா." மனிதர் எனக்காக அவ்வளவு தூரம் பேசுகிறார். போலீஸிடமும் நான் அதைத்தான் சொன்னேன். இந்த நோட்டைப் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். முதல் பக்கத்திலிருந்து இப்போது படித்துப் பார்த்தேன். பதினாலாம் தேதியில் ஒப்பிட்டு இருக்கிறது, தைலம் இருக்கிறது, சட்னியில் உப்புத் தூக்கல் என்பதுவரை இருக்கிறது.

அன்றைக்கு நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. காரிலிருந்து பெட்டியை இறக்க அவர் பின்பக்கம் போனபோது, பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. நான் குனிந்தேன். காதில் சொன்னது.

"ஆன்ட்டி, நான் இங்க இருக்கேன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது."

வா கண்ணு, ஒப்பிட்டு சாப்பிடலாம் என்று சொல்லி நான்தான் உள்ளே கூட்டிப்போனேன்.